பாம்பாறு இறங்கும் வழி

1821ஆம் ஆண்டில் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் பி.எஸ். வார்டு, தன் முகாமை வெள்ளகவியில் போட்டிருந்தார். குன்னுவர் வாழ்ந்த அந்தச் சிற்றூர் மலையின் தெற்குச் சரிவில், பாதி உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏறித்தான் அவர் இன்றைய கொடைக்கானல் இருக்கும் மேட்டு நிலத்தை அடைந்தார். அப்போது அங்கே கொடைக்கானல் என்ற நகரம் கிடையாது. அமெரிக்க மிஷனரிகள் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டி முடித்தது 1845இல். ஏரி உருவானது 1863இல். வத்தலக்குண்டிலிருந்து வண்டிகள் ஏறும் மலைச்சாலை வந்ததோ அதற்கும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு. வழி தெரிந்த ஊர்க்காரர்களின் துணையில்லாமல் ஒரு வெளியூர்க்காரர் அந்தக் காட்டுக்குள் ஏறியிருக்க வாய்ப்பே இல்லை.

இன்று பயணத்தின் திசை மாறிவிட்டது. கொடைக்கானலுக்குப் பேருந்தில் வந்து இறங்குகிறவர்கள், வட்டக்கானலிலிருந்து டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டி, கீழே வெள்ளகவிக்கு நடக்கிறார்கள். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு அங்கிருந்து இன்னும் கீழே, பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை வரைக்கும் தடம் இருக்கிறது. அந்தச் சரிவு முழுவதற்கும் நீர் வடிகால் பாம்பாறு. மேலே சோலைக்குள் ஊற்றாகக் கசிந்து, வட்டக்கானல் அருகே அருவியாக விழுந்து, பள்ளத்தாக்கு வழியே இறங்கி, கும்பக்கரையில் பாறைகளுக்கு நடுவே கொட்டுகிறது.

மழைக்காட்டு ஆற்றுப் பயணம் என்றதும் பலருக்கும் அமேசான்தான் நினைவுக்கு வரும். விசைப்படகு, ஆற்றங்கரையில் மூங்கிலும் ஓலையும் கொண்டு கட்டிய விடுதி, விடியற்காலையில் மண் தின்ன வரும் மக்கா கிளிக் கூட்டம், அந்தந்த ஊர் வழிகாட்டி. பெரு நாட்டின் இக்கிட்டோஸ் நகரம் கடலிலிருந்து ஆற்றுவழியே சுமார் 3,600 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆனால் கடல்மட்டத்துக்கு மேல் அதன் உயரம் ஏறத்தாழ 100 மீட்டர்தான். அவ்வளவு தட்டையான நிலத்தில் ஆறு அசைந்து அசைந்து போகும், கப்பலே விடலாம். பாம்பாற்றின் கதை வேறு. 2,000 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் சமவெளியின் விளிம்புக்கு வந்துவிடுகிறது. இதில் படகுக்கு வேலையில்லை. ஆற்றோடு போக வேண்டுமென்றால் கால்தான்.

அதிலும் ஒரு பெரிய ஆதாயம் இருக்கிறது. அமேசான் படகில் நாள் முழுக்கப் போனாலும் இரு கரையிலும் ஏறக்குறைய ஒரே வகைக் காடுதான் தெரியும். இங்கே இறங்க இறங்கக் காடு மாறுகிறது. உயரம் 1,000 மீட்டர் குறைந்தால் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் கூடும். வட்டக்கானலில் காலையில் ஸ்வெட்டரோடு கிளம்பிய ஆள் கும்பக்கரை வருவதற்குள் ஏறத்தாழ 10 டிகிரி வெப்ப வேறுபாட்டைக் கடந்திருப்பார். சமவெளியில் அதே அளவு வெப்ப மாற்றம் வேண்டுமென்றால் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். மழையும் அப்படியே. கொடைக்கானலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் பெய்கிறது. அடிவாரத்தில் ஏறக்குறைய அதில் பாதிதான். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்கே உள்ள உயர்ந்த மலைகள் வாங்கிக்கொள்வதால், இந்தச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அக்டோபரில்தான் மழை உச்சம்.

மேலேயிருந்தே தொடங்கலாம்.

வட்டக்கானலைச் சுற்றி எஞ்சியிருக்கும் சோலைக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது இருட்டு. மரங்கள் பெரிய உயரமில்லை. காற்றும் குளிரும் அவற்றைக் குட்டையாகவே வைத்திருக்கின்றன. உச்சிகள் ஒன்றோடொன்று நெருங்கி மூடிக்கொள்கின்றன. இலைகள் சிறியவை, தடித்தவை. கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிடுகளும் அடர்ந்திருக்கும். ஓடைப் பக்கம் வந்தால் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரப்பெரணிகள். தளிர் விடும் காலத்தில் சோலையைத் தொலைவிலிருந்து பார்த்தால் அங்கங்கே செம்பும் சிவப்புமாகத் தெரியும். அதைப் பூ என்று நினைப்பவர்கள் உண்டு, அவை இளந்தளிர்கள். வெப்பமண்டலக் காடுகளில் பல மரங்கள் தளிரில் பச்சையத்தை உடனே நிரப்புவதில்லை. தளிர் மென்மையானது, பூச்சி தின்னும் ஆபத்து அதிகம். அதனால் இலை முற்றித் தடிக்கும் வரைக்கும் முதலீட்டைத் தள்ளிப்போட்டு, ஆந்தோசயனின் என்ற செந்நிறமியை வைத்துக் கடும் வெயிலைச் சமாளிக்கின்றன என்பது தாவரவியலாளர்கள் தரும் விளக்கம்.

இந்தச் சோலைகளின் தாவரங்களைப் பதிவு செய்ததில் திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் அருட்தந்தை கே.எம். மேத்யூவுக்குப் பெரும் பங்கு உண்டு. பழனி மலைத் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய மூன்று தொகுதி நூல் 1999இல் வந்தது. பாம்பாறு சோலையின் அரிய செடிகளுக்கு நாற்றங்கால் போட்டு, அவற்றைத் திரும்பக் காட்டில் நடும் வேலையை வட்டக்கானலில் குடியேறிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் தங்கள் வாழ்நாள் பணியாகச் செய்தார்கள். ஒரு நகரத்தின் புறவிளிம்பில், சாலைக்குப் பக்கத்திலேயே, இப்படியொரு காடு மிஞ்சியிருப்பது சாதாரணச் செய்தி அல்ல.

சோலைப் பறவைகளிலும் சில மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியவை. பழனிச் சிரிப்பான் என்ற பழுப்புக் குருவி இங்கே கிடைத்த மாதிரியைக் கொண்டு 1869இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்கின் பெயர் அதன் அறிவியல் பெயரில் இருக்கிறது. தரைக்குப் பக்கத்தில் இருட்டில் தத்தித் தத்திப் பூச்சி பொறுக்கும் நீலநிறக் குருவி இன்னொன்று, வயிறு வெள்ளை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் இருக்கும் இதன் உறவினம் வேறு. 2017இல் வி.வி. ராபினும் சக ஆய்வாளர்களும் மரபணுக்களை ஒப்பிட்டு, இவை வேறு நாட்டுக் குருவிகளோடு சேர்த்துப் பேச வேண்டியவை அல்ல, தனிப் பேரினம் என்று நிறுவினார்கள். சோலைப் பறவை வெப்பமான சமவெளிக்கு இறங்காது. அதற்கு ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு, கணவாய்தான் கடல்.

பாம்பாறு எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கும் விடை இந்தச் சோலைக்குள்தான் இருக்கிறது. காடு மழையைக் கொண்டுவருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இவ்வளவு சிறிய மலைக்காட்டைப் பொறுத்தவரை அதைவிட உறுதியாகச் சொல்லக்கூடியது, பெய்த மழையைக் காடு எந்த வேகத்தில் கீழே விடுகிறது என்பதுதான். சோலைத் தரையில் உதிர்ந்த இலை, குளிர்ந்த காலநிலையில் மெதுவாக மக்கி, கறுத்த மண்ணாகப் படிகிறது. வேரும் மண்புழுவும் அதில் துளைகள் போட்டு வைத்திருக்கின்றன. கனமழை விழுந்தாலும் நீர் மேலோடு ஓடாமல் உள்ளே இறங்குகிறது. மழை நின்று வாரங்கள் ஆன பிறகும் சோலையின் அடிப்பக்கத்தில் நீர் கசிந்துகொண்டிருப்பது அதனால்தான். மூடுபனியும் தன் பங்கைத் தருகிறது: மழையே இல்லாத நாளிலும் பாசி படர்ந்த கிளைகள் பனித்துளிகளைப் பிடித்துச் சொட்ட விடும்.

ஆனால் சோலை மட்டும் இதைச் செய்யவில்லை. ஒரு காலத்தில் மேட்டு நிலத்தின் பெரும்பகுதி புல்வெளிதான். மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் சோலை. மார்கழி, தை இரவுகளில் திறந்த புல்வெளியில் உறைபனி விழும். சோலை மரங்களின் நாற்று அதில் பிழைப்பது கடினம், புல் பிழைத்துக்கொள்ளும். மரத்தை வெட்டியதால் வந்த புல்வெளி இது என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். நீலகிரியின் சேற்றுப் படிவுகளில் கார்பன் ஐசோடோப்புகளை அளந்து ஆர். சுகுமாரும் குழுவினரும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தப் புல்வெளிகள் 20,000 ஆண்டுக் கணக்கில் பழமையானவை என்று காட்டியது. மழை கூடியபோது சோலை விரிந்திருக்கிறது, வறண்டபோது புல் விரிந்திருக்கிறது. அதை மரமில்லாத வெற்றுத் தரை என்று எண்ணித்தான் யூகலிப்டஸ், வாட்டில், பைன் மரங்களை நட்டார்கள்.

விளைவை நீலகிரியின் கிளன்மார்கனில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகள். ஒன்றை இயற்கையாக விட்டு, மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டு, ஓடை நீரை ஆண்டுக்கணக்கில் அளந்தது ஊட்டியிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நட்ட பக்கத்து ஓடையின் நீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரங்களை வெட்டி, அடிமரத்திலிருந்து மறுபடி தளிர்க்க விட்ட அடுத்த சுழற்சியில் குறைவு சுமார் 25 விழுக்காடு. புல்லின் வேர் போகாத ஆழத்துக்கு அந்த மரத்தின் வேர் போகிறது, கோடையிலும் உறிஞ்சுகிறது. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நாற்பது ஆண்டு மாற்றத்தைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. மேட்டு நிலப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கும், சோலையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகவும் போய்விட்டன என்கிறது அது. டால்பின் மூக்கில் நின்று பள்ளத்தாக்கைப் படமெடுக்கிற எல்லோரும் ஒரு நிமிடம் திரும்பிப் பின்னால் மேட்டையும் பார்க்க வேண்டும். ஆற்றின் கோடைக்கால நீர் அங்கேதான் தீர்மானமாகிறது.

அந்த மேட்டில் இன்னொரு பழைய காயமும் உண்டு. பாம்பாறு சோலைக்கு மேலே உள்ள முகட்டில் 1983 முதல் 2001 வரை ஒரு வெப்பமானித் தொழிற்சாலை இயங்கியது. மூடப்பட்டபோது அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்ததை மக்கள் கண்டுபிடித்த பிறகுதான் ஆலை மூடியது. 2003இல் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. காற்றில் எவ்வளவு பரவியது என்பதைச் சொன்னவை மரப்பாசிகள். பாசிக்கும் லைக்கனுக்கும் மண்ணிலிருந்து உறிஞ்சும் வேர் கிடையாது. காற்றிலும் மழையிலும் வருவதைத்தான் உடலில் சேர்க்கும். அதனால் அவற்றை அரைத்துச் சோதித்தால் அந்த இடத்துக் காற்றின் பல ஆண்டு வரலாறு கிடைக்கும். ஐதராபாத்தின் அணுசக்தித் துறை ஆய்வகம் 2003இல் வெளியிட்ட முடிவுகளில் கொடைக்கானல் பாசிகளில் பாதரசம் இயல்பைவிட மிக அதிகம். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் 2016இல் உடன்பாட்டுக்கு வந்தது. மேட்டில் கொட்டியது பள்ளத்துக்கு வரும் என்பதால், கீழே வைகைக்கரை வரை உள்ளவர்களுக்கும் இது தங்கள் பிரச்சினைதான்.

தடம் செங்குத்தாக இறங்கத் தொடங்கும் இடத்தில் வழிகாட்டியின் வேலை ஆரம்பிக்கிறது. பாதை முழுக்க ஆற்றங்கரையோடு போவதில்லை. மலைமுதுகில் வேர்களைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். ஆறு பள்ளத்தில் சத்தமாக மட்டும் கூடவே வரும்.

பயணிக்குப் பச்சையாகத் தெரிகிற இடத்தில் வழிகாட்டிக்கு வேறு தெரியும். மண்ணில் பிளவுபட்ட குளம்புத் தடம், அதன் விளிம்பு இன்னும் உதிரவில்லை என்றால் காட்டுமாடு போய் அதிக நேரமாகவில்லை. கூட்டமாக இருந்தால் சத்தம் கேட்டு விலகிவிடும். ஒற்றை மாடு என்றால் நின்று, வழிவிட்டு, காத்திருந்துதான் போக வேண்டும். கொடைக்கானல் வீதிகளிலேயே காட்டுமாட்டைப் பார்த்துப் பழகியவர்கள் அதைச் சாதுவான மிருகம் என்று நினைத்துவிடுவது பெரிய ஆபத்து. மலை அணில் கத்துகிறது என்றால் எதற்காகக் கத்துகிறது என்பதும் ஊர்க்காரருக்குத் தெரியும். மேலே பருந்துக்கு ஒரு கத்தல், கீழே வருவதற்கு ஒரு கத்தல்.

மழைக்காலத்தில் எல்லோரும் முதலில் கேட்பது அட்டையைப் பற்றித்தான். இலைநுனியில் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையை உயர்த்தித் துழாவிக்கொண்டு நிற்கும் அது, தரையின் அதிர்வு, உடல் சூடு, மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடு இவற்றை வைத்து ஆள் வருவதைக் கண்டுகொள்கிறது. மூன்று தாடைகளால் தோலைக் கீறும்போது வலி தெரியாது. உமிழ்நீரில் இருக்கும் பொருள் இரத்தத்தை உறைய விடாது; அட்டை விழுந்த பிறகும் காயம் கசிவது அதனால்தான். புகையிலையை நனைத்துக் காலில் தேய்ப்பது, சுண்ணாம்பு, உப்பு என்று மலைக்காரர்களிடம் வழிகள் உண்டு. அட்டையால் நோய் வரும் என்று பயந்து பிய்த்து எறிவதைவிட, நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, இடத்தைக் கழுவித் துணி கட்டுவது நல்லது.

காட்டு ஆய்வாளர்களுக்கு இந்த அட்டை ஒரு வரம். அது குடித்த இரத்தத்தில் உள்ள மரபணு மாதக்கணக்கில் சிதையாமல் இருக்கிறது. வியட்நாம் மலைக்காடு ஒன்றில் பிடித்த அட்டைகளின் வயிற்று இரத்தத்தை ஆராய்ந்து, 2012இல் ஓர் ஆய்வுக்குழு, அங்கே கேமராவுக்குக்கூடச் சிக்காத அரிய மான், முயல் வகைகள் நடமாடுவதைக் கண்டுபிடித்தது. காலில் ஏறும் அட்டை ஒவ்வொன்றும் அந்தக் காட்டில் கடைசியாக யார் நடந்தார்கள் என்ற பதிவையும் சுமந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட பயணங்களில் வழிகாட்டி ஊர்க்காரராக இருந்தால் என்ன மாறும் என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். பெருவின் தம்போபாட்டா ஆற்றங்கரையில் எசெ எஹா மக்கள் வாழும் இன்ஃபியர்னோ ஊரும் ஒரு சுற்றுலா நிறுவனமும் 1996இல் ஒப்பந்தம் போட்டன. 1998இல் ‘போசாதா அமசோனாஸ்’ விடுதி திறந்தது. இலாபத்தில் 60 விழுக்காடு ஊருக்கு, 40 நிறுவனத்துக்கு. கழுகுக் கூடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த வேட்டைக்காரர்களே அதைக் காக்கிறவர்களானார்கள். பெரியாறு புலிகள் காப்பகத்தில், காட்டு இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுக்கொண்டிருந்தவர்களை வனத்துறை 1990களின் பிற்பகுதியில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றியது. தேக்கடி மூங்கில் தெப்பத்தில் போகிறவர்களுக்குத் துணை போகிறவர்களில் அந்த மரபில் வந்தவர்கள் இருக்கிறார்கள். காட்டின் உள்வழி தெரிந்த அறிவு முன்பு குற்றத்துக்குப் பயன்பட்டது. அதே அறிவுக்குத்தான் பின்பு சம்பளம்.

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு வர ஒரு துயரம் காரணமாக இருந்தது. 2018 மார்ச் 11 அன்று போடி மலையின் குரங்கணிச் சரிவில் காய்ந்த புல் பற்றியெரிந்ததில் மலையேறிகள் சிக்கினர். இறந்தவர்கள் 23 பேர். சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது வேகம் பலமடங்காகிறது. அனல்காற்று மேல்நோக்கிப் போய், இன்னும் பற்றாத புல்லையும் முன்கூட்டியே உலர்த்திவிடுவதுதான் காரணம். மேலே ஓடித் தப்பிக்கலாம் என்பது அந்த இடத்தில் தவறான முடிவு. அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 தடங்களோடு ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தை வனத்துறை தொடங்கியது. வனத்தை ஒட்டி வாழும் ஊர்களின் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக நியமித்தது. கொடைக்கானல் மலைத் தடங்களும் அதில் உண்டு. கோடைத் தீ காலத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள். 2013இல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்ட பிறகு, 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டுக்கு இந்தக் கட்டுப்பாடுகள் இன்னும் இறுக்கம். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் வெள்ளகவித் தடத்தில் இறங்குவது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து.

வெள்ளகவி ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும்.

ஊருக்குள் கோயில்கள் அவ்வளவு நெருக்கம். வீடுகள் கோயில்களுக்கு நடுவே இருக்கின்றன என்று சொல்வதுதான் சரி. ஊர்க்காரர்கள் தெருவில் செருப்பு போடுவதில்லை. வந்தவர்களும் பூட்ஸை எல்லையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்கிறார்கள். மலைமுதுகின் குறுகிய பரப்பில் கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய சுவர்கள், சரிவில் படிப்படியாகக் காப்பி, மிளகுக் கொடி, எலுமிச்சை, ஆரஞ்சு, பலா, பட்டர் ஃப்ரூட். தலைமுறை தலைமுறையாக வண்டிச் சாலை இல்லாத ஊர் இது. அரிசியும் சிமென்ட்டும் பொதிக்குதிரை முதுகில் இறங்கின. மிளகும் பழமும் அதே குதிரையில் ஏறின. நோயாளிகளையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு மலை ஏறிய செய்திகள் இந்த ஊராட்சியிலிருந்து நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. சாலை இல்லாத அமைதியை வியக்கிற பயணி, அந்த டோலியையும் சேர்த்துத்தான் வியப்பைக் கணக்குப் போட வேண்டும். காடும் கெடாமல் ஆம்புலன்ஸும் வர ஒரு வழி கண்டுபிடிப்பது அரசின் பொறுப்பு. இயற்கை ரசனையின் பேரில் ஊர்க்காரர்களின் கோரிக்கையைத் தள்ளிவிடுவது நியாயமில்லை.

ஆற்றங்கரை விடுதிகளில் இருக்கும் வரவேற்பறை இங்கே கிடையாது. சாப்பாடும் ஒதுங்க இடமும் ஊர்க்காரர் வீட்டில். அந்தக் காப்பித் தோட்டமே பாதி காடு: பெரிய நிழல் மரங்களை விட்டுவைத்து அடியில் காப்பி வைத்திருப்பதால், பழம் தின்னும் பறவைகள் காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே போய்வருகின்றன. எச்சத்தோடு விதையும் போய்வருகிறது. நிழல் மரங்களை வெட்டி வெயிலில் காப்பி வளர்த்தால் சில ஆண்டுகள் விளைச்சல் கூடும்; இந்தப் போக்குவரத்து நின்றுவிடும்.

இருட்டிய பிறகு சோலைகளிலும் தோட்டங்களிலும் டிக், டிக் என்று ஒலி தொடங்கும். பூச்சி என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அது விரல்நகம் அளவே உள்ள புதர்த்தவளை. எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுய்ட்டும் 2006இல் விவரித்த புதர்த்தவளை இனம் ஒன்றின் மாதிரி கொடைக்கானலில் கிடைத்ததுதான். இந்தத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரமான இலைச் சருகுக்குள் முட்டை, முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சி, வெளியே வரும்போது வாலில்லாத குட்டித் தவளை. குளமும் குட்டையும் நிற்காத செங்குத்துச் சரிவில் பிழைக்க இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் சருகு காய்ந்தால் முட்டை செத்துப்போகும். சோலை ஈரம் இல்லாமல் இந்த இனங்கள் இல்லை.

வெள்ளகவிக்குக் கீழே காடு சடசடவென்று மாறுகிறது. இலையுதிர் மரங்கள், மூங்கில், பிறகு முட்புதர். கோடையில் சரிவு முழுதும் பழுப்பு. ஆனால் நீரோடை ஓடும் பள்ளத்தை மட்டும் ஒரு பச்சைக் கோடு தொடர்ந்துகொண்டே வரும். கரையில் நீர்மருது, நாவல், புங்கம் என்று எப்போதும் இலையோடு நிற்கும் மரங்கள். ஐம்பதடி விலகினால் உடைமுள். மேலே மழையால் வாழும் பசுமை, கீழே ஆற்றின் அடிநீரால் மட்டுமே வாழ்கிறது. வெப்பம் தாங்காத உயிரினங்கள் சமவெளி வரைக்கும் வந்துபோக இந்தக் கோடுதான் வழி. மணல் அள்ளுவதும் கரை மரம் வெட்டுவதும் அந்த வழியை அடைக்கின்றன.

கும்பக்கரையில் ஆறு பாறையைக் குடைந்து வைத்திருக்கிறது. யானை கெஜம், பாம்பு கெஜம், உரல் கெஜம் என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கும் ஆழ்குழிகள் அவை. வெள்ளத்தில் வரும் கூழாங்கல் ஒரு சிறு பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, சுழலும் நீரோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி அரைக்கிறது. கல் தேய்ந்துபோனால் அடுத்த வெள்ளம் வேறு கல்லைக் கொண்டுவந்து போடும். இப்படியே குழி ஆழமாகி, உள்சுவர் வழவழப்பாகி, வாய் குறுகி அடி அகலமாக விரிகிறது. பழனி மலையின் சார்னோக்கைட் போன்ற கடும்பாறை மெதுவாகத்தான் தேயும். ஆழமான ஒரு குழிக்குப் பின்னால் கணக்கற்ற வெள்ளங்கள் இருக்கும். தெளிந்த நீரில் மூன்றடி போலத் தெரியும் இடம் ஆளை மூழ்கடிக்கும். சுவரில் பிடிப்பு கிடைக்காது. கெஜங்களில் இறங்க விடாமல் வனத்துறை தடுப்பது இதனால்தான்.

அருவியில் குளிக்க விடுவதா இல்லையா என்பதையும் வனத்துறை அவ்வப்போது நீர்வரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. கீழே வெயில் அடிக்கும். குடும்பத்தோடு வந்தவர்கள் தடை பலகையைப் பார்த்துக் கோபப்படுவார்கள். ஆனால் நீர் வருவது மேலேயிருந்து. வட்டக்கானல் பக்கம் கனமழை கொட்டினால், 1,500 மீட்டருக்கு மேல் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தாக்கில் அதைத் தடுத்து நிறுத்தச் சமதளம் எதுவும் கிடையாது. மேகம் கண்ணுக்கே தெரியாத தொலைவில் இருக்கும்போது நீர்மட்டம் ஏறத் தொடங்கும். தெளிந்த நீர் திடீரென்று செம்மண் நிறமாவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது: மூன்றில் எது தெரிந்தாலும் உடனே பாறையை விட்டுக் கரையேற வேண்டும். அக்டோபர், நவம்பரில் இந்தத் தடத்துக்குத் திட்டமிடுகிறவர்கள், கிளம்பும் அன்று பெரியகுளத்து வானத்தைப் பார்க்காமல், கொடைக்கானலில் மழை எவ்வளவு என்று வனத்துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.